அரை ஆட்டம்

டச் பே மணலோரம் தகர வேலி அடைத்து
கப்பலை நட்டு இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.
கொலம்பஸ் என்று பெயர். கடல் கண்டதில்லை.
ஒரு அச்சு, இரண்டு மோட்டார்,
முன்னுக்கு வாய் பிளந்த யாளித் தலை.
அதன் பல்லொன்றைக் குருநாகலில் யாரோ உடைத்துவிட்டார்கள்.

பிடி என் கையில்.
முழுக்கத் தள்ளினால் கப்பல் செங்குத்தாய் நிற்கும்.
ஏறியவர்கள் தாயையும் தெய்வத்தையும்
ஒரே மூச்சில் கூப்பிடுவார்கள்.
கோணேசர், அல்லா, மாதா, புத்தர்,
இவ்வளவு நெருக்கமாய் நின்று
வேறெந்த ஊரிலும் நான் கேட்டதில்லை.

ஜெயசீலன் முதலாளிக்குக் கணக்கு இடித்தது.
"பத்துப் பேர் பாக்கினம், மூண்டு பேர் ஏறினம்.
மிச்ச ஏழு பேரின்ர காசு
வேலிக்கு வெளியில நிக்குது."
நீல நாடாவில் ஒரு துண்டு கிழித்து
பிடி போகும் வழியில் பாதியில் ஒட்டினார்.
"இதுக்கு மேல தள்ளாதை.
பாதி உயரம், பாதிக் காசு, அஞ்சரை மணிக்கு."

முதல் நாள் மைக்கில் சொன்னேன்:
பயந்தவர்களுக்கான ஆட்டம், பயந்தவர்கள் வரலாம்.
ஒரு மான் வந்தது.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி
கச்சான் சுற்றிய தாளைத் தின்றுவிட்டுப் போனது.
யாளி வெறும் இருக்கைகளைத் தாலாட்டியது.

இரண்டாம் நாள், சிறுவர்களுக்கு என்றேன்.
சிறுவர்கள் என்னை முறைத்துவிட்டு
முழு ஆட்டத்துக்குப் போய் நின்றார்கள்.

மூன்றாம் நாள் தொண்டை கட்டியிருந்தது.
காற்று வாங்குகிற ஆட்டம், என்றேன், அவ்வளவுதான்.
வரிசை வேலியைத் தாண்டி வீதிக்குப் போயிற்று.

கிண்ணியாவிலிருந்து றிஸ்மினா ரீச்சர் வந்திருந்தா,
முழு ஆட்டத்துக்கு.
அரைக்கு நின்றவர் அவவின் புருசன்,
அவவின் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
அவருக்குப் பின்னால் சூசைநாயகம்,
நாற்பது வருடம் ஆழ்கடலில் கிடந்த மனிதர்.
உமக்கேன் அண்ணை அரை, என்று வரிசை சிரித்தது.
"கடல் தூக்கப் போகுதெண்டால்
முதலே நிறம் மாறிச் சொல்லும்.
உங்கட இரும்பு ஒண்டும் சொல்லாது."
செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு
யாளிக்குப் பக்கத்தில் ஏறி அமர்ந்தார்.

நீல நாடாவில் நிறுத்தினேன் பிடியை.
யாரும் அலறவில்லை.
எனக்கே அது புதினமாய் இருந்தது.
மேலே பேச்சுக்குரல் கேட்டது.
ஒருவர் இறால் வடையை
ஒரு துணுக்கும் சிந்தாமல் தின்று முடித்தார்.

முழு ஆட்டம் இறங்கியவர்களிடம்
என்ன தெரிந்தது என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன்.
ஒருவர் வாளி என்றார்.
மற்றவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள்.
பாதி உயரத்தில்தான், பாருங்கள்,
தகர வேலி முடிகிறது.

"தோணி! என்ர தோணி!"
சூசைநாயகம் எழும்பப் பார்த்தார்,
குறுக்குக் கம்பி விடவில்லை.
அரைக்கே கத்துறார், என்றது வரிசை.
பிடியை இழுத்துவிட்டேன்.
ஆனால் இந்தக் கப்பல் ஓய ஏழு ஆட்டம் வேண்டும்.
இறங்கும்போது அவருக்குத் தகரம் தெரிந்தது,
ஏறும்போது கடல்.
ஒவ்வொரு ஏற்றத்திலும்
அவிழ்ந்த தோணி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.
ஐந்து, ஆறு.
எண்ணிக்கொண்டே நின்றேன்,
வேறென்ன செய்ய.

கம்பி விலகியதுதான் தெரியும்.
வெறுங்காலோடு வேலியின் ஓட்டையால் நுழைந்து
ஓடினார் மணலில்.
றிஸ்மினா ரீச்சரின் புருசனும் ஓடினார்,
கைப்பையோடே.

அடுத்த நாள் செருப்புக்கு வந்தார்.
ஒரு சோடி, வார் தேய்ந்தது,
டிக்கெட் பெட்டிக்குக் கீழே வைத்திருந்தேன்.
"தோணி?" என்றேன்.
"கட்டியாச்சு."
பாதிக் காசை எண்ணி நீட்டினார்.
"யாளிப் பக்கம் இடம் தா.
அங்கயிருந்துதான் வடிவாத் தெரியுது."